ஈப்போவுக்கு வாரம் இருமுறை போக முடியாத அம்மாவுக்கு, போன் வழி நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பலன் தருமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "பேராக், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது. தோட்டத்தில் பால் வெட்டியவர், பிறகு ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கூடத்தில் வேலை செய்தார். சிகரெட்டைத் தொட்டதில்லை. இப்போது சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் நாள்பட்டுச் சுருங்கும் நுரையீரல் நோய், என்கிறார்கள். ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு முறை, எட்டு வாரம் மறுவாழ்வுப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். எனக்குப் பேக்டரியில் ஷிப்ட் வேலை, கூட்டிப் போக வேறு ஆளில்லை. போன் வழியாக வீட்டிலேயே செய்யலாம் என்று கேள்விப்பட்டேன். நிஜமாகவே பலன் உண்டா? ஆபத்து இல்லையா? அம்மாவோ 'மூச்சே விட முடியல, இதுல எக்சர்சைஸ் வேறயா' என்கிறார்."

பலன் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செய்தால் கிடைப்பதற்குக் கிட்டத்தட்ட சமமான பலன். ஆனால் அம்மாவுக்கு என்றே ஒரு பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) இருக்க வேண்டும். அவர் முதலில் அம்மாவை ஒருமுறை நேரில் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும், பிறகு வாரம் தவறாமல் கூப்பிட்டுப் பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். அது இல்லாமல் வாட்சாப்பில் ஒரு வீடியோவை அனுப்பிவிட்டு "இதைப் பார்த்துச் செய்யுங்க" என்றால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் அது மறுவாழ்வுப் பயிற்சி ஆகாது. நான் நுரையீரல் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ. பேராக்கிலும் வேலை பார்த்திருக்கிறேன். தோட்டத்துப் பெரியவர்கள் பலர் அந்த வீடியோவோடு நின்றுபோனதைப் பார்த்ததால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

முதலில் அம்மாவின் கேள்விக்கே வருகிறேன். மூச்சு விட முடியாதவருக்கு எதற்கு நடைப்பயிற்சி? நியாயமான கேள்விதான். சி.ஓ.பி.டி.யில் பெரிய சிக்கல் காற்று உள்ளே போவதில் இல்லை, வெளியே வருவதில்தான். சுருங்கிய மூச்சுக்குழாய் வழியே காற்று முழுதாக வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும். பழைய காற்று உள்ளேயே தங்கி, நெஞ்சு உப்பிக்கொள்ளும். பஸ்ஸில் இறங்க வேண்டியவர்கள் இறங்கினால்தானே ஏறுகிறவர்கள் ஏற முடியும்? வேகமாக நடக்க நடக்க, இறங்காதவர்கள் கூட்டம் கூடிக்கொண்டே போகும். அதனால் அம்மா என்ன செய்திருப்பார்? நடப்பதைக் குறைத்திருப்பார். பாசாருக்குப் போவதை நிறுத்தி, கோயிலுக்குக் காடியில் கூட்டிப் போனால்தான் போவேன் என்று சொல்லி, கடைசியில் நாற்காலியும் டிவியும் என்று உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்ததில் தொடைத் தசை கரைந்துவிடும். பலவீனமான தசை சின்ன வேலைக்கே சீக்கிரம் களைத்து அமிலத்தைச் சுரக்கும், அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிக மூச்சைக் கேட்கும். மூச்சு வாங்குகிறது என்று இன்னும் கொஞ்சம் உட்கார்வார். இந்தச் சுழற்சியை வெட்டத்தான் பயிற்சி.

ஆகவே பயிற்சி முடிந்த பிறகு ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் சோதனை) எடுத்தால் நுரையீரல் எண் அப்படியேதான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மாறுவது காலும், இருக்கிற மூச்சைச் செலவழிக்கும் விதமும், மூச்சு முட்டிவிடுமோ என்ற பயமும்தான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2015-இல் 65 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, பயிற்சி எடுத்தவர்கள் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் சராசரியாக 44 மீட்டர் கூடியிருந்தது. 30 மீட்டர் கூடினாலே நோயாளிக்கே வித்தியாசம் தெரியும் என்பது கணக்கு. மூச்சுத்திணறலும் களைப்பும் குறைந்து, மனநிலையும் மேம்பட்டிருந்தது. இன்ஹேலர் செய்யாத வேலை இது. அதற்காக இன்ஹேலரை விட்டுவிடச் சொல்லவில்லை, இரண்டும் வேண்டும்.

வீட்டில் செய்தால் அதே பலன் வருமா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2017-இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் 166 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு எட்டு வாரம், வாரம் இரண்டு முறை மையத்துக்கு வந்தது. மற்றப் பிரிவுக்கு பிசியோ ஒரே ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார், அப்புறம் வாரம் ஒரு போன் கால் வீதம் ஏழு கால்கள், அவ்வளவுதான். வீடியோ கூட இல்லை. எட்டு வாரம் முடிந்தபோது வீட்டில் செய்தவர்களின் நடைத்தூரம் மையத்துக்கு வந்தவர்களுக்குக் குறையவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. வீட்டுப் பிரிவில் பத்தில் ஒன்பது பேர் முழுமையாக முடித்தார்கள், மையத்துக்கு வரச் சொன்னவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் முடித்தார்கள். 2021-இல் கோக்ரேன் தொலைவழிப் பயிற்சி பற்றிய 15 ஆய்வுகளை, மொத்தம் 1,904 பேர், தனியாகத் தொகுத்தது. அங்கேயும் அதே கதைதான்: பலனில் பெரிய வித்தியாசம் இல்லை, தொலைவழியில் 93 விழுக்காட்டினர் முடித்தார்கள், நேரில் 70. ஆபத்து கூடியதாகவும் தெரியவில்லை. 2023-இல் அமெரிக்க மார்பு நோய் மருத்துவச் சங்கம், நோயாளிக்கு மையம், தொலைவழி இரண்டையும் முன்வைத்து எது வேண்டும் என்று கேட்க வேண்டும் என்றே பரிந்துரைத்துவிட்டது. அதனால் ஆஸ்பத்திரியில் கேட்கும்போது தயங்க வேண்டாம், நீங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை.

இந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் வீட்டில் செய்யலாம் என்று முன்கூட்டியே சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. ஆபத்து பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. அண்மையில் மாரடைப்பு வந்தவர், உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர், இதய வால்வு மோசமாகச் சுருங்கியவர், இதயத்துடிப்பு கட்டுக்குள் வராதவர், அடிக்கடி விழுபவர், நாலு அடி நடந்தாலே ஆக்சிஜன் அளவு சரியும் ஆள் ஆகியோரை நான் வீட்டில் தனியாகத் தொடங்கவிடமாட்டேன். உங்கள் அம்மா இதில் எதிலாவது வருவாரா என்று கண்டுபிடிக்க அந்த ஒரு நாள் ஈப்போவுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். ஒரு நாள் லீவு போட்டுவிடுங்கள். பதினாறு முறை போவதற்கும் ஒருமுறை போவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

அந்த ஒரு நாளை முழுதாகப் பயன்படுத்துங்கள். அம்மாவின் வேலைக் கதையை டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். சிகரெட் பிடிக்காதவருக்கு எப்படி இது வந்தது என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். நாள்கணக்கில் ரப்பர் விறகுப் புகையில் ஷீட் காயும் கூடத்துக்குள் போய் வந்தவருக்கு, அப்புறம் லயத்து வீட்டில் விறகடுப்பில் சமைத்தவருக்கு, தனியாக சிகரெட் வேறு வேண்டுமா? விறகுப் புகையால் வரும் சி.ஓ.பி.டி. நம் பெண்களிடம் உண்டு. சிகரெட்டா என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடும் இடங்களில் இது விடுபட்டுப் போகிறது. தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்திருந்தால் அதையும், இளவயதில் காசநோய் வந்திருந்தால் அதையும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். காசநோய் ஆறிய தழும்பும் மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஸ்பைரோமெட்ரி ஊதிப் பார்த்துத்தான் சி.ஓ.பி.டி. என்று முடிவு செய்தார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துச் சொல்லியிருந்தால் ஊதும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

பிசியோ அன்றைக்கு ஆறு நிமிட நடைச் சோதனை வைப்பார். நீண்ட தாழ்வாரத்தில், விரலில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டி, முடிந்த தூரம் நடக்கச் சொல்வார். நடுவில் நிற்கலாம், தப்பில்லை. இரண்டு முறை நடக்கச் சொன்னால் கோபப்பட வேண்டாம், முதல் முறை பழகுவதற்கு. அந்தத் தூரத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பயிற்சி முழுக்க அதை வைத்துத்தான் நடக்கும். எப்படி என்றால், அம்மா ஆறு நிமிடத்தில் 300 மீட்டர் நடந்தார் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 50 மீட்டர். அதில் 80 விழுக்காடு, அதாவது நிமிடத்துக்கு 40 மீட்டர் என்பது நல்ல தொடக்க வேகம். பத்து நிமிடத்துக்கு 400 மீட்டர். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு முன்னால் 10 மீட்டரை அளந்து இரண்டு பக்கமும் ஒரு பூத்தொட்டியை வைத்துவிட்டால், ஒரு தொட்டியிலிருந்து மற்றதற்கு 40 நடை. எண்ணிக்கை குழம்பும் என்றால் பத்து புளியங்கொட்டையை ஒரு டின்னில் போட்டு, நாலு நடைக்கு ஒன்றாக அடுத்த டின்னுக்கு மாற்றச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு பாட்டி இதை ஸ்மார்ட் வாட்ச்சைவிட ஒழுங்காகச் செய்தார், டின்னைப் பேரன் தொட்டால் அன்றைக்கு வீட்டில் சண்டை.

பத்து நிமிடம் ஒரே மூச்சில் முடியாது என்றால் இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் நிற்பு என்று பிரித்துக்கொள்ளலாம். சேர்த்துக் கூட்டினால் பத்து வந்தால் போதும். வாரத்தில் நாலைந்து நாள். ஒவ்வொரு வாரமும் சில நிமிடம் கூட்டி, எட்டாவது வாரத்துக்குள் 30 நிமிடத்தை எட்டுவதுதான் குறி.

நடையைவிட எல்லோரும் ஏமாற்றுவது தசைப் பயிற்சியில்தான். நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வதுதான் ராஜா. கையை ஊன்றாமல், மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழ வேண்டும், மெதுவாக உட்கார வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு தடவை, ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. வாரம் இரண்டு மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாள் விட்டு. நம் வீடுகளில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும். அம்மா எழும்போது அது பின்னால் நகர்ந்தால், திரும்ப உட்காரும்போது நாற்காலி இருக்காது. முதுகுப்பக்கம் சுவரோடு ஒட்டி வையுங்கள், கால் உடைந்த நாற்காலி வேண்டாம். கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, ஒவ்வொன்றும் அரை கிலோ எடை. பழகிய பிறகு ஒன்றரை லிட்டர் பாட்டில். துணி காயப்போடும்போதும் மேல் தட்டிலிருந்து டின் எடுக்கும்போதும் இவர்களுக்குச் சட்டென்று மூச்சு வாங்கும், ஏனென்றால் மூச்சுக்கு உதவும் தோள் தசைகளைத்தான் கையைத் தூக்கவும் இழுக்கிறோம். கைப்பயிற்சி அதற்காகத்தான். சிலிப்பர் வேண்டாம், பின்பக்கம் மூடிய செருப்போ சப்பாத்தோ போடட்டும். சர்க்கரை இருந்தால் பசியாறாமல் தொடங்கவே கூடாது, முடிந்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

மூச்சை உள்ளே இழுத்தால் மூன்று பந்து ஏறும் அந்தப் பிளாஸ்டிக் கருவியைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு அதைக் கொடுப்பது வேறு காரணத்துக்கு. உங்கள் அம்மாவின் சிக்கல் உள்ளே இழுப்பதில் இல்லை என்று மேலே சொன்னேனே, பந்தை ஏற்றிக்கொண்டிருந்தால் கால் வலுக்காது. பலூன் ஊதுவதும் அப்படித்தான். பிராணாயாமம் மனதுக்கு நல்லது, மூச்சை அடக்கி வைக்கும் பகுதியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். கண்டிப்பாகக் கற்க வேண்டிய மூச்சு ஒன்றுதான்: மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் விடுவது. மூச்சு முட்டும்போது மேசையிலோ தொடையிலோ கையை ஊன்றிக் குனிந்துகொண்டு இப்படி விட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கும். பயம் வரும்போது இது நினைவுக்கு வராது, அதனால் நன்றாக இருக்கும் நேரத்தில் பழக வேண்டும்.

எவ்வளவு மூச்சு வாங்கலாம்? இங்கேதான் அம்மாவும் நீங்களும் பயப்படுவீர்கள். மூச்சு வாங்காத பயிற்சியால் பலன் இல்லை. பிசியோக்கள் 0 முதல் 10 வரை ஒரு அளவு வைத்திருக்கிறோம். 0 என்றால் மூச்சு வாங்கவே இல்லை, 10 என்றால் இதற்கு மேல் தாங்காது. நடக்கும்போது 3-லிருந்து 4-க்குள் இருக்க வேண்டும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற நிலை. எண்ணை விரலில் காட்டச் சொல்லிப் பழக்குங்கள். போனில் பேசும் பிசியோ மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம், அம்மாவுக்குத் தோட்டத்து மலாய் மட்டும் வரலாம். விரலுக்கு மொழி வேண்டாம்.

வாரம் ஒருமுறை வரும் போன் கால் நலம் விசாரிப்பு அல்ல. எத்தனை நாள் செய்தீர்கள், எத்தனை நிமிடம், கடைசி நிமிடத்தில் மூச்சு எண் என்ன, மறுநாள் கால் வலித்ததா என்று கேட்பார். எண் 2 என்றால் கூட்டுவார். 6 என்றால் அப்படியே நிறுத்திவைப்பார், ஏன் ஏறியது என்று துருவுவார். வீடியோ காலாக இருந்தால் போனை ஸ்டூலில் வைத்துப் பக்கவாட்டிலிருந்து தலை முதல் பாதம் வரை தெரியும்படி சாய்த்து வையுங்கள். முகத்தை மட்டும் காட்டினால் முழங்கால் என்ன செய்கிறது என்று பிசியோவுக்குத் தெரியாது. எல்பில், ஹீவூட் போன்ற தோட்டங்களின் பக்கம் வீடு இருந்து லைன் அறுந்து அறுந்து வந்தால் அதற்காக மனம் விட வேண்டாம். மெல்பர்னில் பலன் தந்தது வெறும் போன் கால்தான். பயிற்சியைச் சிறு வீடியோவாக எடுத்து, லைன் கிடைக்கும்போது வாட்சாப்பில் அனுப்பினால் போதும். பயிற்சி நேரத்தில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும், இது மட்டும் கட்டாயம். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தாலும் சரி.

ஆக்சிமீட்டர் ஒன்று பார்மசியில் வாங்கிக்கொள்ளுங்கள். நகப்பூச்சு இருந்தால், கை சில்லென்று இருந்தால், விரல் அசைந்தால் தவறாகக் காட்டும். நின்று, அரை நிமிடம் பொறுத்து, எண் நிலைத்த பிறகு படியுங்கள். டாக்டர் வேறு எண் சொல்லாதவரை 88-க்குக் கீழே போனால் நிறுத்தி உட்கார வேண்டும். நம்மவர்களுக்கு இன்னொரு விஷயம் முக்கியம்: கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் உள்ளே ஆக்சிஜன் தாழ்ந்திருந்தது வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. அதனால் எண் நன்றாக இருக்கிறதே என்று அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், உதடு நீலம் பாய்வது, பேச்சு குழறுவது, அளவுக்கு மீறிய தூக்கம் என்றால் உடனே 999. பிசியோவின் அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கும் விஷயமில்லை அது.

பயிற்சிக்கு முன்னால் வீட்டுக் காற்றையும் கொஞ்சம் பாருங்கள். அம்மா காலை முழுக்க உழைத்து, சாயங்காலம் மூடிய ஹாலில் கொசுவர்த்திச் சுருள் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன பயன்? வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்தச் சொன்னால் வீட்டில் புயல் வரும், எனக்கும் தெரியும். ஜன்னலைத் திறந்து, அம்மா வாசலில் இருக்கும்போது போட்டு, புகை வெளியேறிய பிறகு உள்ளே வரட்டும். பின்பக்கம் குப்பையும் தென்னை மட்டையும் கொளுத்துவது, குளிக்க விறகில் வெந்நீர் போடுவது எல்லாம் முடிந்தால் நிற்கட்டும். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் அரசு கிளினிக்கில் புகைப்பதை நிறுத்தும் ஆலோசனை உண்டு, அங்கே அனுப்பிவிடுங்கள். புகைமூட்டக் காலத்தில் காலையில் ஐ.பி.யு. என்ற காற்றுத் தூய்மைக்கேட்டு எண்ணைப் பாருங்கள். 100-ஐத் தாண்டினால் அன்றைக்கு வாசலில் நடை வேண்டாம், ஜன்னலை மூடி உள்ளே நாற்காலிப் பயிற்சி. வெயில் ஏறுவதற்கு முன் எட்டு மணி வாக்கில் முடித்துவிடுவது எப்போதுமே நல்லது.

வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் கொடுத்திருந்தால் சாமி விளக்கும் கற்பூரமும் அதன் பக்கத்திலேயே வரக்கூடாது, சமையல் அடுப்பும்தான். குழாய் மூக்கில் இருக்கும்போது நெருப்பு பற்றினால் முகத்தில்தான் பற்றும். மூச்சு வாங்குகிறதே என்று இயந்திரத்தின் அளவை நீங்களாகத் திருகிக் கூட்டாதீர்கள். சில சி.ஓ.பி.டி.காரர்களுக்கு ஆக்சிஜன் கூடினால் உடம்பில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும்.

நடுவில் சளி பிடிக்கும். பிடிக்காமல் எட்டு வாரம் போனால் அதிர்ஷ்டம். சளி கூடி, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, இழுப்பு வழக்கத்தைவிட அதிகமானால் பயிற்சியை நிறுத்திவிட்டு கிளினிக்குக்குப் போங்கள், இரண்டு நாள் பார்ப்போம் என்று தள்ளாதீர்கள். ஆஸ்பத்திரியில் படுத்து வந்தாலும் அத்தோடு விட்டுவிடக் கூடாது. வீடு திரும்பிய மூன்று நாலு வாரத்துக்குள் மறுபடி தொடங்குபவர்கள் திரும்பப் போய்ப் படுப்பது குறைகிறது. விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாது, இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள்.

ஈப்போவில் என்ன கேட்க வேண்டும் என்றால், "வீட்டிலேயே செய்யலாமா" என்று மட்டும் கேட்டால் "செய்யலாம்" என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிடக்கூடும். "இன்றைக்கு நடைச் சோதனை வைத்துவிடுங்கள். எட்டு வாரத்துக்கு வாரம் ஒருமுறை யார் கூப்பிடுவார், எந்த நாள், எத்தனை மணிக்கு? எட்டாவது வாரம் மறுபடி சோதனைக்கு எப்போது வர வேண்டும்?" என்று கேளுங்கள். அங்கே அப்படி ஏற்பாடு இல்லை என்றால், நடைச் சோதனையை அங்கே முடித்துக்கொண்டு, வாரா வாரம் பார்ப்பதை சுங்கை சிப்புட்டிலேயே அரசு ஆஸ்பத்திரியோ சுகாதாரக் கிளினிக்கோ ஏற்குமா என்று கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். கிளினிக்கில் ஒரு வெள்ளி, ஸ்பெஷலிஸ்ட்டிடம் ஐந்து வெள்ளி, செலவு பெரிதில்லை. அழைப்பு உங்கள் ஷிப்ட்டோடு மோதினால் நேரத்தை மாற்றித் தரக் கேளுங்கள், இரண்டு மூன்று அழைப்பிலாவது நீங்களும் லைனில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அம்மா எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுவார்.

எட்டு வாரத்துக்குப் பிறகு என்ன என்பதையும் முதல் நாளே யோசித்து வையுங்கள். மெல்பர்ன் ஆய்விலேயே ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பிரிவுமே பெற்ற பலனை இழந்திருந்தன. விட்டால் போய்விடும், மருந்து போலத்தான். இடையில் ஒரு சின்ன அளவுகோல் வேண்டும் என்றால் மாதம் ஒருமுறை, ஒரு நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணி காலண்டரில் எழுதுங்கள். மூன்று தடவை கூடினாலும் குறைந்தாலும் அது கவனிக்க வேண்டிய மாற்றம். அதே ரோட்டில் இன்னும் இரண்டு பேருக்கு இந்த நோய் இருந்தால், தோட்டத்திலிருந்து வந்த தாமான்களில் நிச்சயம் இருப்பார்கள், மூவரையும் காலையில் சேர்த்துவிடுங்கள். எந்த செயலியையும்விட அது நாள்பட நிற்கும்.

கடைசியாக, அம்மா மாட்டேன் என்கிறாரே, அதற்கு. நுரையீரல், தசை, ஆய்வு என்று எதுவும் அவரிடம் பேசாதீர்கள். மூச்சு வாங்குவதால் எதை விட்டுவிட்டீர்கள் என்று மட்டும் கேளுங்கள். என்னிடம் வந்த அம்மாக்கள் சொன்ன பதில்கள் சின்னச் சின்னவை: மாரியம்மன் கோயிலைச் சுற்றி வர முடியவில்லை, திருவிழாவில் பால்குடம் எடுத்தவர் இப்போது வேடிக்கை பார்க்கிறார், பேரனைத் தூக்க முடியவில்லை, குளித்துவிட்டுத் தலை துவட்டுவதற்குள் உட்கார வேண்டியிருக்கிறது. உங்கள் அம்மா எதைச் சொல்கிறாரோ அதை முதல் நாளே பிசியோவிடம் சொல்லிவிடுங்கள். கோயிலைச் சுற்றுவது என்றால் நடையை நீளமாக்குவார், பேரன் என்றால் நாற்காலிப் பயிற்சியில் எடையைச் சேர்ப்பார், தலை துவட்டுவது என்றால் தண்ணீர் பாட்டிலோடு கையைத் தூக்கும்போது மூச்சை எப்போது விட வேண்டும் என்று அதையே முதல் வாரப் பாடமாக வைப்பார்.